1,200 கிலோமீற்றர் யாரிடமிருந்து?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே கட்டம் கட்டி, மதில்டே என்ற கரிய சிறுகோள் ‘பூமியிலிருந்து 1,200 கிலோமீற்றரில் கடந்தது’ என்று போட்டிருந்தீர்கள்.

கடந்தது விண்கலம், ஐயா. 1997 ஜூன் 27இல் நாசாவின் நியர் விண்கலம் அந்தச் சிறுகோளுக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் அருகே போய்ப் படம் பிடித்தது. சிறுகோள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் தன் பாட்டில் சுற்றுகிறது. பூமிப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. தங்களுக்குத் தெரியாததா?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் கடலோரம் எங்கள் வீடு. அடுத்த வீட்டு மாமி அதை வாசித்துவிட்டு, காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, “எந்தப் பக்கம் ஓடுற சேர்?” என்று படலையில் வந்து நின்றார். 2004இல் அவர் வீட்டில் மூன்று பேரைக் கடல் கொண்டுபோனது. 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை வந்தபோது, பழைய கல்லடிப் பாலத்தில் நெரிபட்டு ஓடிய சனத்தில் அவரும் நானும் இருந்தோம்.

இது முதல் தடவையுமல்ல. 2015இல் நாசாவின் டோன் விண்கலம் சீரிஸ் என்ற குறுங்கோளை அடைந்தபோது நான் எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தை நாலு வரித் துணுக்காக வெட்டினீர்கள். அந்த நாலு வரிக்குள்ளும் சீரிஸை நட்சத்திரமாக்கி, கீழே என் பெயரையும் போட்டீர்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு நல்ல மரியாதை. மட்டக்களப்பு என்றால் பாடுமீனுக்கும் வெள்ளத்துக்கும் மட்டும் முழுப்பக்கம் கிடைக்கிறது. பேப்பரும் மத்தியானம்தான் வந்து சேருகிறது, சரி, அதை விடுவோம்.

அந்தக் கல்லைப் பற்றி எழுத வேறு விஷயமா இல்லை? 1885இல் வியன்னாவில் யோகான் பலிசா கண்டுபிடித்தது. குறுக்களவு சுமார் 50 கிலோமீற்றர். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், சிரட்டைக்கரி மாதிரி. ஒருதரம் தன்னைத்தானே சுற்றி வர 17 நாளுக்கு மேல் எடுக்கும், அவ்வளவு சோம்பல். அதிலுள்ள பள்ளங்களுக்கு உலகத்து நிலக்கரிப் படுகைகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் தாமோதரும் அதில் உண்டு. இதைப் போட்டிருந்தால் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டியிருப்பார்கள்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘கடந்தது விண்கலம், சிறுகோள் அல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும். நான் சொல்லி மாமி நம்புவதாயில்லை, பேப்பரில் வரட்டும் என்கிறார். பை இன்னும் கதவடியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.