புகையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் ஒரு கார் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, "ஆறு மாதத்தில் திறந்துவிடுவார்கள்" என்று வீட்டில் அடித்துச் சொன்னவன் நான். 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அதுவரை காலி வீதி பஸ்ஸும் முச்சக்கர வண்டியும்தான். புதுக்கார் என்று ஊருக்குச் சொன்னாலும் ஜப்பானில் யாரோ ஓடிய கார்தான் இது. இலங்கையில் பதியாத வண்டி என்றால் நமக்கு அது புதுசு.

எடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு இராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் சில்லுகளுக்கு அடியில் நாலு தேசிக்காயை நசித்துக்கொண்டு வெளியே வந்து, பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலுக்குப் போய்விட வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. லண்டனில் இருக்கும் மைத்துனர் வட்ஸ்அப் வீடியோவில் எங்களோடு நின்றார். "அத்தான், பெயின்டைப் பார்த்தது காணும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், அதை வாசியுங்கோ" என்றார்.

முதல் இரண்டு இலக்கமும் வாரம், பின்னிரண்டும் வருடம். மூன்று ரயர்கள் 2023ஆம் வருடத்தவை. பின்பக்கத்து இடது ரயரில் 3118 என்று இருந்தது. அதாவது 2018இன் 31ஆவது வாரம். கார் தயாரானதே 2023இல்! காரைவிட ஐந்து வயது மூத்த ரயர். விற்பவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பள்ளமெல்லாம் ஆழமா இருக்கே சேர்" என்றார். இருந்ததுதான். ஆனால் றப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகும். ரிம்மை ஒட்டி மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. வாதாடி மாற்றுவித்தேன். அதற்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. கார் வெளியே வந்தது நட்ட நடு இராகுகாலத்தில். அந்தக் கதையை மனைவி இன்னும் விடவில்லை.

நான் எழுத வந்தது அந்தக் கடையைப் பற்றி அல்ல. இனி இந்தக் காரின் ரயரையோ பிரேக்கையோ சட்டப்படி யார் பார்க்கப்போகிறார்கள்? இன்றைய நடைமுறையில் ஒருவரும் இல்லை. வண்டியை வீதியில் ஓட்ட வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் போதும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் புகைக்குழாயில் கம்பியைச் செருகி வாயுவை அளக்கிறவரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே மொட்டை ரயர் இருந்தாலும் அது அவர் வேலை இல்லை. பஸ், லொறிகளுக்குத்தான் தகுதிச் சான்று.

மைத்துனரின் கார் மூன்று வயதானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும், பிறகு ஒவ்வொரு வருடமும். ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் தோல்வி. பிரித்தானியாவில் இது 1960இலிருந்து நடக்கிறது; தொடக்கத்தில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. இன்னொன்று, அங்கே ஒரு காரின் இலக்கத்தைக் கொடுத்தால் அது எந்த வருடம் எதில் தோற்றது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பழைய கார் வாங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜப்பானில் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை முதலில் மூன்றாம் வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக், முன்விளக்கின் கோணம், வண்டியின் அடிப்பக்கம் எல்லாம் பார்ப்பார்கள். வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிட்ட தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் (எயார்பேக்) ஆபத்தானவற்றை மாற்றாத கார்களுக்கு 2018 முதல் அந்தப் பரிசோதனையில் தேர்ச்சி இல்லை. அந்தக் காற்றுப்பைகளைக் கெடுப்பது வெக்கையும் ஈரப்பதனும். கொழும்பில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இங்கே மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இறக்க முடியாது. ஆகவே அங்கே முதல் ஷாக்கெனுக்கு நாள் வருமுன் அது கப்பலேறிவிடுகிறது. ஏற்றுமுன் ஒரு பரிசோதனை உண்டு, அவ்வளவுதான். அதன் பிறகு, சாகும்வரை புகை மட்டும்.

சான்று உள்ள பஸ்களும் கவிழ்கின்றனவே என்பார்கள். கையில் காசு வைத்தால் எந்தச் சான்றும் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். பதில் சொல்லக் கஷ்டமான கேள்விகள்தான். கட்டணம் கூடும் என்பதும் தெரியும். அதனால் பிரேக்கை அளக்கும் உருளை இயந்திரத்தை நாளைக்கே எல்லா இடத்திலும் பூட்டுங்கள் என்று கேட்கவில்லை. ஐந்து வயது தாண்டிய வண்டிகளுக்குப் புகை பார்க்கும் அதே இடத்தில், அதே பத்து நிமிடத்தில், நாலு ரயரையும் பிரேக் விளக்கையும் கண்ணால் பார்த்து அதே தாளில் எழுதட்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதிலிருந்தாவது தொடங்கலாம்.

எங்கள் காரிலிருந்து கழற்றிய 2018ஆம் ஆண்டு ரயரைக் கடைப் பையன் எறியவில்லை. உருட்டிக்கொண்டு போய்க் கடைக்குள்ளே மற்ற ரயர்களோடு சாத்தி வைத்ததைக் கண்ணால் கண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.