1955 இறுதி ஆட்டமும் விடுபட்ட ஒரு பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1955ஆம் ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸ் அணியை வென்றதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் விஷயத்தை எடுத்துக்கொண்ட கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் அதில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது.

அக்டோபர் 4 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த ஏழாவது, இறுதி ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் வீரர் ஜாக்கி ராபின்சன் ஆடியதாகக் கட்டுரை கூறுகிறது. அன்று அவர் களமிறங்கவே இல்லை. அவருக்குப் பதிலாக மூன்றாம் பேஸில் (ஓட்டம் எடுப்பவர் வரிசையாகக் கடக்கும் தளங்களில் ஒன்று) நின்றவர் டான் ஹோக். பந்து அடிக்கப்படாமலேயே ராபின்சன் ஓடிவந்து, ஓட்டம் நிறைவாகும் கடைசித் தளமான ஹோம் பேஸைத் 'திருடிய' புகழ்பெற்ற காட்சி முதல் ஆட்டத்தில் நிகழ்ந்தது. அந்த ஆட்டத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 6-5 என்று தோற்றது.

விடுபட்ட பெயர் சாண்டி அமொரோஸ். 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை இதே யாங்கீஸிடம் உலகத் தொடரை இழந்து, 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்றே ஆறுதல் சொல்லிப் பழகிய புரூக்ளின் ரசிகர்களுக்கு, அந்த அடுத்த வருஷம் உண்மையிலேயே வந்ததில் கியூபாவில் பிறந்த இந்த வீரருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆறாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, பயிற்சியாளர் வால்டர் ஆல்ஸ்டன் ஜிம் கில்லியமை இரண்டாம் பேஸுக்கு மாற்றி, அவர் நின்ற இடப்புற வெளிக்களத்துக்கு அமொரோஸை அனுப்பினார். சற்று நேரத்தில், யாரும் அவுட் ஆகாமல் இரண்டு பேஸ்களில் யாங்கீஸ் வீரர்கள் நிற்க, யோகி பெர்ரா அடித்த பந்து இடப்புற எல்லைக் கோட்டை ஒட்டி உயர்ந்து சென்றது. இடக்கை ஆட்டக்காரரான பெர்ரா வலப்பக்கமே அடிப்பார் என்று அந்த எல்லைக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகி நின்றிருந்தார் அமொரோஸ்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துணுக்கை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓட்டம் முழுவதும் பந்தின் மீதே கண் வைத்து, தடுப்புச் சுவரை நெருங்கும் தறுவாயில் வலக்கையை முழுக்க நீட்டி அதைப் பிடிக்கிறார். இடக்கையால் எறிபவர் என்பதால் அவர் கையுறை வலக்கையில் இருந்தது. வலக்கையால் எறியும் கில்லியம் அங்கேயே நின்றிருந்தால் கையுறை உடலுக்கு மறுபக்கம் இருந்திருக்கும், பந்து எட்டியிருக்குமா என்பது ஐயமே. பிடித்த கையோடு பந்தைச் சக வீரர் பீ வீ ரீஸிடம் எறிய, அவர் அதை முதல் பேஸில் இருந்த கில் ஹாட்ஜஸுக்கு அனுப்ப, கேட்ச் ஆகாது என்று நம்பி முதல் பேஸிலிருந்து வெகுதூரம் ஓடிவிட்ட யாங்கீஸ் வீரர் கில் மெக்டூகால்டும், அங்கே திரும்புவதற்குள் பந்து வந்துவிட்டதால் அவுட் ஆனார். ஆட்டம் சமனாகியிருக்க வேண்டிய கட்டத்தில் இரண்டு அவுட்டுகள் விழுந்துவிட்டன.

23 வயது ஜானி போட்ரஸ் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸும் பந்தெறிந்ததையும், இரண்டு ஓட்டங்களையும் ஹாட்ஜஸ் ஈட்டித் தந்ததையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். அந்தப் புகழில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த கேட்ச் நழுவியிருந்தால் போட்ரஸின் சாதனையே நடந்திருக்காது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

அமொரோஸின் பிற்கால வாழ்க்கை துயரமானது. புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேற முடியாமல் பல ஆண்டுகள் சிக்கியிருந்தார். 1967இல் அமெரிக்கா திரும்பியபோது, ஓய்வூதியத்துக்குத் தேவையான ஆட்டக் காலத்தில் சில நாள்களே குறைந்ததை அறிந்து டாட்ஜர்ஸ் அணி அவரைச் சிறிது காலம் தன் வீரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 1992இல் அவர் காலமானார்.

ராபின்சன் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடும்போது, அமொரோஸ் பிடித்த அந்தப் பந்தைப் பற்றியும் சில வரிகள் சேர்க்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்