ஓய்வு நேரத்தில் யார் பக்கத்தில் யார்?

அன்பான அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம்.

இந்த முறை தேர்வுப் புள்ளிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. காலை ஓய்வு நேரத்தில் நம் சிற்றுண்டிச்சாலையில் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். அரசாங்கம் கொடுக்கும் இலவச உணவைச் சாப்பிடும் பிள்ளைகள், அதாவது நாம் ஆர்.எம்.டி. என்று சொல்கிறோமே அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள், தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மேசைக்குப் போகிறார்கள், வீட்டிலிருந்து காசு கொண்டு வருகிறவர்கள் நாசி லெமாக் பொட்டலத்தோடு இன்னொரு பக்கம் போகிறார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தன் தோழியின் கையைப் பிடித்து இழுத்து, "அங்க உக்காராத, அது ஆர்.எம்.டி. மேசை" என்று சொன்னதைப் பின்னால் நின்று நானே கேட்டேன். இன்னொரு பையன் தட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வயிறு வலிக்கிறது என்றான். மறுநாளும் அதையே சொன்னான். வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டுத் தன்னிடம் இருந்த ரொட்டியைக் கொடுத்தபோது மளமளவென்று தின்று முடித்தான், வயிற்றில் ஒரு வலியும் இல்லை, அந்தத் தட்டோடு நண்பர்கள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். யார் அந்தப் பிள்ளை என்று தயவுசெய்து தேடாதீர்கள்.

1979-இலிருந்து மலேசியாவில் இருக்கும் திட்டம் அது. இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களிலும் அந்த உணவைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் இருப்பீர்கள். பாலர் பள்ளி முடித்து வரும் குழந்தைக்கு அதில் ஒரு குறைவும் தெரியாது. பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. "அவன் வீட்டுப் பக்கம் போகாத", "அந்தக் கறுப்பியோட சேராத", இவையெல்லாம் வகுப்பில் எங்கள் காதில் விழும்போது எங்களுக்கு வீட்டுக் குரலே கேட்கிறது. போன மாதம் இரண்டாம் ஆண்டுப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியர் கேட்டால் விழிக்கிறான், அம்மா போனில் யாரிடமோ கல்யாணம் பேசும்போது கேட்டதாம். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பல் ஏறி வந்தபோது நம் முன்னோர் சாதியையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள், சில தோட்டங்களில் லயன் என்ற வரிசை வீடுகளைக்கூட அதன்படி பிரித்து வைத்திருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் இடிந்து, நாம் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டோம். இது மட்டும் ஏன் கூடவே வர வேண்டும்? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அப்புறம் இன்னொன்று, இதை ஒரு மாணவனுடைய அம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள அந்த மாணவன் இந்த ஆண்டு நம்மோடு படிக்கிறான். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான், கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்க்கமாட்டான். சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. ஆக அவனுக்கு இங்கே இடம் உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. தங்கள் பிள்ளையின் இருக்கையை மாற்றச் சொல்லிச் சில பெற்றோர் வந்தார்கள், அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, யாரையும் நான் கோபிக்கவில்லை. ஆனால் இருக்கையை மாற்றவில்லை. வீட்டில் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேர் சொல்லிக் கூப்பிடு, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு, பின்னாலிருந்து திடீரென்று தொடாதே, பதில் வரவில்லை என்றால் கொஞ்சம் பொறு. "பாவம், அவனோடு விளையாடு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பாவம் பார்க்கிற பிள்ளை ஒரு நாள் சேர்ந்து விளையாடும், அப்புறம் அலுத்துவிடும். அவன் டைனோசர் பேரெல்லாம் வரிசையாகச் சொல்வான் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் தினமும் அவனைத் தேடிப் போகிறார்கள்.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஜொகூரில் நம் கூலாய் வட்டாரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் கிளம்புகிற அப்பாக்கள் எத்தனை பேர், ஷிப்ட் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எத்தனை பேர், பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது பெரும்பாலும் பாட்டிதான். அதனால் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கவில்லை. தினமும் கேட்கிற "எத்தனை புள்ளி?" என்பதோடு "இன்னைக்கு யாரோட உக்காந்து சாப்பிட்ட? யாராவது தனியா இருந்தாங்களா?" என்றும் கேளுங்கள், பாட்டியும் கேட்கலாம். யாரையோ ஒதுக்கினேன் என்று பிள்ளை உண்மையைச் சொன்னால் அடிக்காதீர்கள், அடித்தால் நாளைக்குச் சொல்லாது. உங்கள் பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்கினால் என்னிடம் வாருங்கள், வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இன்னொருவர் பிள்ளையின் பேரைப் போட்டு எழுதாதீர்கள்.

பிறந்தநாள் கேக் வகுப்புக்குக் கொண்டுவந்தால் எல்லாருக்கும் ஒரு துண்டாவது வரட்டும். வீட்டில் சிலரை மட்டும் அழைப்பது உங்கள் விருப்பம், ஆனால் அந்த அழைப்பை வகுப்பில் வைத்துக் கொடுக்க வேண்டாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு முறுக்கும் ரெண்டாங்கும் வைத்து உபசரிக்கிறோம், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. மூன்று வீடு தள்ளி இருப்பவர்களை ஏன் கூப்பிடவில்லை என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கேட்காவிட்டாலும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வருஷம் அவர்களையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்கள், பிள்ளையையே அனுப்பிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்த வாரத்திலிருந்து சிற்றுண்டிச்சாலையில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டு, வகுப்பு வாரியாகக் கலந்து உட்கார வைக்கப் போகிறோம். முதல் சில நாள்களில் மேற்பார்வைக்கு ஆள் தேவைப்படும். ஓய்வு நேரத்தில் வரக்கூடிய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், வந்து பிள்ளைகளோடு அதே மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்