செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, ஏற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்ததும் கண் பரிசோதனை முகாமும் எப்போதும்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் கவனத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது இலங்கைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 28 அன்று டிட்வா புயல் இலங்கையில் கரையேறியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். காற்றைவிட மழையும் மண்சரிவும்தான் கொன்றன. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலையகம் நெடுகச் சரிவு. அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் யாரோ அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் வாரிசுகளும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ள வழிசெய்த 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம் நம் சங்கத்திலும் உண்டு. அந்தக் குடும்பத்து உறுப்பினரின் சித்தி பதுளைப் பக்கம் இன்னும் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், வசிக்கிறார். பல நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது. "வீடு நிக்குதுப்பா. பின்னாடி மேட்டுல வெடிப்பு விட்டிருக்கு. ராத்திரிக்கு எல்லாரும் ஸ்கூல்லதான் படுக்கிறோம்" என்றார். 2024 ஃபெஞ்சல் மழையில் நம் மலைப்பாதை சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வெடிப்பு என்னவென்று தெரியும்.

உதவி வேகமாகவே போனது. கொழும்பில் நின்றிருந்த நம் கடற்படையின் விக்ராந்த் கப்பலிலிருந்தே, 'சாகர் பந்து' என்ற இந்தியாவின் நிவாரண நடவடிக்கையின் முதல் பொருட்கள் இறங்கின. தேசியப் பேரிடர் மீட்புப் படை போனது. ராணுவம் மகியங்கனையில் கள மருத்துவமனை போட்டது. அறுந்த சாலைகளில் பெய்லி பாலம் என்னும் தற்காலிக இரும்புப் பாலம் கட்டிக் கொடுத்தது. தமிழ்நாடு அரசும் கப்பலில் பொருள் அனுப்பியது. அப்புறம் 45 கோடி டாலர் மறுசீரமைப்புத் தொகுப்பை இந்தியா அறிவித்தது. அதில் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம்.

நம் பங்குக்குப் பழைய துணி சேர்க்கலாம் என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போன நம் ஆட்கள், லாரி லாரியாக வந்த பழந்துணி ரோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். எல்லாம் இழந்து நிற்பவர்களுக்கு நாம் கழித்துப் போட்டதைக் கொடுப்பது உதவி ஆகாது. பணம் கொடுத்தால் பால்பவுடரா, மருந்தா, தார்ப்பாயா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். சங்கப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு சிக்கலாகும் என்று ஆடிட்டர் சொன்னார். சரி, உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பம் பேங்க் மூலம் சித்திக்கு அனுப்பியது. லயத்துக்காரர்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

ஆனால் அவசர உதவி முடிந்த பிறகுதான் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. தோட்ட நிலம் அரசுடையது, கம்பெனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த இடம் கிடையாது. வீடு போனால் வேறு எங்கே கட்டுவார்கள்? இந்தியா முன்பு இலங்கையில் கட்டிக்கொடுத்த 50,000 வீடுகளில் மலையகத்துக்குக் கிடைத்தவை 4,000. மேலும் 10,000 கட்டுவதாக 2017-இல் பிரதமர் மோடி அறிவித்தார். அந்த வீடுகளோடு நிலமும் சேர்த்துத் தருவதுதான் அந்தத் திட்டத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். புயலில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டும் வீடுகளுக்கும் அதையே கேட்க வேண்டும்.

எனவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, லயத்து மக்களுக்குச் சரிவில்லாத இடத்தில் நிலத்தோடு வீடு கிடைக்க வலியுறுத்துமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு மனு. இன்னொன்று, உறுப்பினர்களின் தனிப்பட்ட உதவியை அடுத்த ஆண்டும் தொடர்வது. வரைவு உங்கள் கையில் இருக்கிறது. திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லி, ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்