ரோசா நிற அட்டைகள்

கொக்குவில், யாழ்ப்பாணம்
வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ விட்டுப்போன புத்தகப் பெட்டியில் கறையான் ஏறும் முன் வெயிலில் காயப்போடலாம் என்று விறாந்தைக்கு இழுத்துவந்தேன். காயப்போட வந்தவள் இருந்து வாசித்துவிட்டேன். மூன்று நாள். அப்பா இரண்டு தரம் தேத்தண்ணீர் கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் தானே போட்டுக் குடித்தார்.

எல்லாம் காதல் கதைகள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அட்டை: குதியுயர்ந்த செருப்பு, கைப்பை, ரோசா நிறம். உயர்தரப் பரீட்சைக்கு முன் இவற்றில் ஒன்றை உன் கையிலிருந்து பறித்துக் குப்பை என்றேனே, வாசிக்காமல் சொன்னது அது. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடம் காட்டாதே.

நாங்களும் ஒளித்துத்தான் வாசித்தோம். தமிழ்நாட்டு வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் கட்டினால், அந்தக் கட்டு ஒழுங்கை முழுக்கச் சுற்றும். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதான நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். கடைசி அத்தியாயம் பெரும்பாலும் கிழிந்திருக்கும். அதனால் நட்டமில்லை, கலியாணம்தானே. கதாநாயகி தட்டச்சுக்காரி, முதலாளி முன்கோபி. அவள் என்னதான் தட்டச்சுச் செய்தாள் என்று ஒரு கதையிலும் அறியக் கிடைத்ததில்லை. சம்பளநாளே வராத கந்தோர்! 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அந்தக் கட்டும் போனது.

உன்னுடையவை வேறு. லண்டன் பத்திரிகையில் 1995இல் பத்தியாகத் தொடங்கி 1996இல் புத்தகமான பிரிட்ஜெட் ஜோன்ஸ், தன் எடையையும் சிகரெட்டையும் நாளுக்கு நாள் கணக்கெழுதுகிறாள். மேலதிகாரியிடம் மயங்கி அவதிப்படுகிறாள். சிரித்தேன். ஆனால் அந்தக் கதையின் எலும்பு ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. அதில் ஐந்து பெண் பிள்ளைகள், வீடு வளவோ ஆண்வழி உறவினனுக்குப் போகும். காதலுக்கு அடியில் காணி உறுதி கிடக்கிறது. அட, இது நம் ஊர்க் கதையல்லவா!

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னை அனுப்புவதற்காக என் சீதனக் காணியை விற்றோமே, அன்றைக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு அப்பாவின் கையெழுத்தைக் கேட்டார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அப்பா தனக்குப் பரம்பரையாக வந்த முதுசக் காணியை விற்க என்னைக் கேட்கத் தேவையில்லை. முப்பது வருடம் பிறருடைய உறுதிகளைப் பதிந்த எனக்கு அந்தச் சட்டம் புதிதல்ல. என் மேல் விழுந்தபோதுதான் பாரம் தெரிந்தது. அப்பா மறுக்கவில்லை, பாவம். சட்டைப்பையில் பேனையைத் தேடினார். அது அகப்படும் வரை நான் கதிரை நுனியில் இருந்தேன். என் தாய் எனக்குத் தந்த காணி. இப்படி ஓர் இடம் உன் பெட்டியிலும் இல்லை, என் பழைய கதைக்கட்டிலும் இருந்ததில்லை. காதல் கதை எழுதுகிறவர்கள் நொத்தாரிசு வாசலை ஏனோ மிதிப்பதில்லை.

கந்தோரில் ஒருவர் உன்னைக் காரில் கொண்டுவந்து விடுகிறாராம், சித்தி சொன்னாள். நல்லது, அவரைப் பற்றி நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். நான் அறிய விரும்புவது வேறு. கிழமைதோறும் குளிரையும் சாப்பாட்டையும்தான் கதைக்கிறாய். ஏழு வருடமாக அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் மேசை எதைப் பார்த்திருக்கிறது? யார் உன்னை ஏசுவார்கள்? சம்பளத்தில் எங்களுக்கு அனுப்பியது போக உனக்கென்று எவ்வளவு மிஞ்சுகிறது? அது யாருடைய பெயரில் இருக்கிறது? நீட்டாக எழுது.

புத்தகங்களைத் திரும்ப அடுக்கிவிட்டேன். இரண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவல் கேட்டாள், கம்பஸில் முதலாம் வருடம். அட்டை தெரியாமல் பத்திரிகைத்தாளால் உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாய் கேட்டால் பாடப்புத்தகம் என்று சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா