ரீவி இருளுறது பற்றி மகளுக்கு

கோண்டாவில்,
வருசப் பிறப்புக்கு முந்தின கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிறது,

இங்க எல்லாரும் சுகம். அம்மாவின்ர கால் வீக்கம் வத்தியிட்டுது. ரீவி இருளுதெண்டு அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருந்தாய். எனக்கே போட்டிருக்கலாம். சரி, இருக்கட்டும். போனில சொன்னா நீ "ஓமப்பா, ஓமப்பா" எண்டுபோட்டு வைச்சிடுவாய். அதால எழுதி, கொழும்புக்குப் பஸ்ஸில உனக்கு அனுப்பிற இந்தப் பெட்டிக்குள்ள வைக்கிறன்.

சத்தம் வருது, படம் இல்லை, சிலநேரம் ஒரு செக்கன் வெளிச்சம் வந்திட்டுத் திரும்ப இருளுது எண்டு சொல்லியிருந்தாய். இரவில அறை லைற்றை நூத்துப்போட்டு ரீவியைப் போடு. சத்தம் வந்த பிறகு ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சரிவாப் பிடி. போனில இருக்கிற லைற்றும் காணும். ஆக்கள் அசையிறது மங்கலாத் தெரிஞ்சா பனல் எண்ட அந்தக் கண்ணாடித் திரை பிழையில்லை, படத்தைக் குடுக்கிற மெயின் போர்ட்டும் பிழையில்லை. பின்னுக்கு இருந்து வெளிச்சம் குடுக்கிற பக்லைற்தான் போயிருக்கு. ஒண்டுமே தெரியாட்டி வேற கதை, அதைப் பிறகு பாப்பம். நீ சொன்னதைப் பார்த்தா எனக்குச் சந்தேகமில்லை, பக்லைற்தான்.

உன்ர 32 இஞ்சி செற்றில பின்னுக்கு இரண்டோ மூண்டோ எல்ஈடி பட்டி இருக்கும். அந்தக் குமிழ் எல்லாம் தொடரில பூட்டினது. ஒண்டு அறுந்தா மற்றதுகளுக்கும் கறண்ட் போகாது. போட்ட உடன ஒருக்கா எரியும், பிழை இருக்கெண்டு போர்ட் கண்டுபிடிச்சுத் தானா நிப்பாட்டும். சத்தம் மட்டும் ஓடும். திருத்திறவனுக்கு நீ சொல்ல வேண்டியது மூண்டு விசயம். முதலாவது, ரோச் வெளிச்சத்தில படம் தெரியுது எண்டு முந்திக்கொண்டு சொல்லு. சொல்லாட்டி "பனல் போட்டுது, புதுசு எடுங்கோ" எண்டு சொல்லுறவையும் இருக்கினம். இரண்டாவது, செத்த குமிழை மட்டும் மாத்த விடாத. பட்டி முழுக்க, எல்லாப் பட்டியும் ஒண்டா மாத்த வேணும். ஒரே நாளில பூட்டின மற்றக் குமிழுகளும் அதே அளவு வெந்துதான் இருக்கும், இண்டைக்கு ஒண்டெண்டா அடுத்த மாசம் பக்கத்தில உள்ளது போகும். மூண்டாவது, பனலைத் தூக்கிறது இரண்டு பேர் செய்யிற வேலை. கண்ணாடி மெல்லிசு, ஓரத்தில இருக்கிற ரிபன் வயர் கிழிஞ்சா திரையில நெட்டுக்குக் கோடு விழும், அதுக்குப் பிறகு நானும் ஒண்டும் செய்யேலாது. வேலை முடிஞ்சதும் கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லு.

இனி, ஏன் போனது எண்டதுக்கு வாறன்.

நீ அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய், படுக்கிறதுக்கு முன்னம் ஒன்றரை மணித்தியாலம்தான் பார்க்கிறனான் எண்டு. ஓடிட் வேலையில கணக்குச் சரிபார்க்கிற பிள்ளைக்கு நான் கணக்குச் சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலப்படி மூண்டு வருசத்துக்குப் போட்டாலும் 1,650 மணித்தியாலம் வராது. நான் பார்த்து எடுத்துத் தந்த செற் அது, அவ்வளவில பக்லைற் போற சாமான் இல்லை. வெளிச்சத்தை 100இல வைச்சு விடிய விடிய ஓடவிட்டாத்தான் குமிழ் இப்பிடிக் கருகும். அதுவும் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழ, சித்திரை வெயிலில. இந்த நாளில கொழும்புக்கு நேர் மேலதான் சூரியன் நிக்கும், அந்தக் கூரைக்குக் கீழ இரவு பத்து மணிக்கும் வெக்கை நிக்கும். சில செற்றில சேவிஸ் மெனுவுக்குள்ள எத்தினை மணித்தியாலம் ஓடினதெண்டு எழுதிக் கிடக்கும். அதைப் பார்த்துச் சொல் எண்டு நான் கேட்கேல்லை.

நான் கேட்கிறது உன்ர நித்திரைக் கணக்கு. கனடா ரொறன்ரோவில மார்ச் மாசம் இரண்டாம் ஞாயிறு மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுறவை. லண்டனில மார்ச் கடைசி ஞாயிறு. இஞ்ச தள்ளுறதில்லை. (1996இல தள்ளி, 2006 ஏப்ரலில பழையபடி கொண்டு வந்தவை. இடையில வன்னிக்கு ஒரு நேரம், கொழும்புக்கு ஒரு நேரம், பழசோ புதுசோ எண்டு கேட்டுத்தான் ஒரு இடத்துக்குப் போகலாம்.) நீ லப்டொப்பில படிப்பிக்கிற லண்டன் பிள்ளையளின்ர பின்னேரம் ஆறு மணி வகுப்பு மாரியில உனக்கு இரவு 11.30. இப்ப 10.30. அது நல்லது. ரொறன்ரோப் பிள்ளையளின்ர இரவு ஏழு மணி வகுப்பு உனக்கு விடிய 5.30இல இருந்தது, இப்ப 4.30. லண்டனால கிடைச்ச ஒரு மணித்தியாலத்தை ரொறன்ரோ எடுத்துக்கொண்டு போட்டுது. வகுப்பு முடிய 11.30, ரீவி ஒரு மணி வரைக்கும், அலாரம் நாலு மணிக்கு. மூண்டு மணித்தியாலம், பிள்ளை. அதுக்கு மேல பகல் கொள்ளுப்பிட்டியில மார்ச் 31 கணக்கு முடிவு வேலை, ஏழு மணி வரைக்கும் இருந்து பார்க்கிறது. பெரிய ஆளுக்கு ஏழு மணித்தியாலமாவது நித்திரை வேணும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் படுத்து அந்தக் கடனை அடைக்கேலாது.

ரொறன்ரோ வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாத்து. அங்க சனி காலமை பத்து மணி எண்டால் உனக்கு அதே சனி பின்னேரம் 7.30. அந்தப் பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை, தாய் தேப்பனும் வீட்டில நிப்பினம். கிழமையில இரண்டு ஒரு மணித்தியால வகுப்பை ஒண்டாக்கி, இடையில பத்து நிமிசம் விட்டு இரண்டு மணித்தியாலம் எடு. காசு குறையாது. நவம்பர் முதல் ஞாயிறு அவை மணியைத் திருப்பி வைச்சா அதே வகுப்பு உனக்கு 8.30 ஆகும். அதையும் இப்பவே சொல்லி வை, பிறகு குழப்பம் வராது.

வேலையோட வேலையாப் படிச்சு அந்தக் கடைசிச் சோதினை பாஸ் பண்ணின பிள்ளை நீ. சங்கக்கடையில ஆரும் கேட்டா அம்மா இப்பவும் அதைத்தான் சொல்லுவா. ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லை. போன வருசம் ஐபிஎல் நேரம் ஓவருக்கு ஓவர் கதைச்சனாங்கள். இந்த வருசம் நான்தான் அம்மாவோட கதைக்கிறன், அவவுக்கு எல்பிடபிள்யூ எண்டா என்னெண்டு இன்னும் விளங்கேல்லை.

ரீவி பார்க்க வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். ரீவியால சாப்பிட்ட குடும்பம். நேரத்தை மாத்து எண்டுதான் சொல்லுறன். மேட்ச் 7.30க்குத் தொடங்கும், முதல் இன்னிங்ஸ் ஒன்பதேகால் மட்டில முடியும். வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார். பிறகு நூத்துப்போட்டு வகுப்புக் கொப்பியைத் திற. இரண்டாவது இன்னிங்ஸ் முடிவு காலமை பேப்பரிலயும் இருக்கும். வகுப்பு முடிஞ்ச பிறகு ரீவியைப் போடாத. லப்டொப் வெளிச்சத்தில ஒரு மணித்தியாலம் கத்தின மூளைக்குத் திரும்பவும் ஒரு வெளிச்சம் எதுக்கு? தேத்தண்ணியையும் பின்னேரம் நாலு மணியோட நிப்பாட்டு. பத்து மணிக்குக் குடிச்ச சாயத்தில இருக்கிற கஃபீனில பாதி விடிய மூண்டு நாலு மணிக்கும் உடம்பில நிக்கும்.

தனி அறையில ஆக்கள் கதைக்கிற சத்தம் ஒண்டு வேணும் எண்டால், அதுக்கும் வழி இருக்கு. மெனுவில படத்தை மட்டும் நூக்கிற ஒண்டு கிடக்கும், பிக்சர் ஓஃப் எண்டோ ஸ்கிரீன் ஓஃப் எண்டோ போட்டிருக்கும். அதை அமத்தினா பக்லைற் நூரும், சத்தம் ஓடும். ரிமோட்டில ஏதாவது அமத்தினா படம் திரும்பவும் வரும். அதோட ஸ்லீப் ரைமரை 30 நிமிசத்துக்கு வை. நீ நித்திரையானதும் அது தானா நிக்கும். புதுப் பட்டி போட்ட பிறகு பக்லைற்றை 50க்கு மேல ஏத்தாத. பகலில யன்னல் வெளிச்சம் அடிச்சா 60. ஸ்போர்ட்ஸ் மோட், டைனமிக் மோட் எல்லாம் கடையில செற் விக்கிறதுக்கு வைச்சது.

இன்னொண்டு, இது அவசரம். இந்த மாசம் முழுக்கப் பின்னேர இடி மழை. நீ வேலையில நிக்கேக்கதான் அடிக்கும். ரிமோட்டால நூக்கிறது காணாது, அது செற்றைத் தூங்க வைக்கிறதுதான், கறண்ட் உள்ளுக்கு நிக்கும். காலமை வெளிக்கிட முன்னம் சுவர்ப் பிளக்கைக் கழட்டு, பின்னால டிஷ் கேபிளையும் கழட்டு, ரவுட்டரையும் கழட்டு. பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டுக் கேபிளை விட்டா மின்னல் கூரையில இருந்து கேபிளாலயே வந்து போர்ட்டை எரிக்கும். இடி கிட்டக் கேட்கத் தொடங்கினா ஒண்டையும் தொடாத. ரீவி போனாப் போகட்டும்.

நீ இருக்கிற அனெக்ஸில பழைய உருண்டைப் பின் பிளக் பொயின்ற் எண்டு போன முறை அம்மா வந்து சொன்னவ. அதில மல்ரி பிளக் ஒண்டைப் பூட்டி ரீவி, ரவுட்டர், லப்டொப், கேத்தில் எல்லாம் கொழுவியிருக்கிறாயாம். கேத்தில் 2,000 வற் எண்டால் அது ஒண்டே எட்டரை அம்பியருக்கு மேல இழுக்கும். அந்தச் சின்னப் பொயின்ற் 5 அம்பியருக்குக் கட்டினது. பின்னைத் தொட்டுப் பார், சுட்டா உள்ளுக்குத் தொடுப்பு இளகியிட்டுது. கேத்திலைக் குசினியில இருக்கிற பெரிய பொயின்றில மட்டும் போடு. இரண்டு பின் சார்ஜரை செருக பேனையால மேல் ஓட்டையைக் குத்தித் திறக்கிற வேலையும் வேண்டாம். நல்ல அடப்ரர் ஒண்டு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எடு, கறண்ட் திடீரெண்டு ஏறினாத் தாங்கிற சேர்ஜ் புரொடெக்ரரும் அங்கயே எடுக்கலாம். கையில தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடு. கறண்ட் ஒழுகினா தானா விழுந்து வெட்டுற ட்ரிப் சுவிச்சில ரெஸ்ட் எண்டு ஒரு பொத்தான் இருக்கும், மாசத்துக்கொருக்கா அமத்து. உடன விழாட்டி வீட்டுக்காரருக்குச் சொல்லு, நாளைக்கு எண்டு விடாத.

ரொறன்ரோ வகுப்பை மாத்து எண்டு திரும்பவும் எழுதிறன். திருத்திற காசுக்கெண்டு இன்னொரு வகுப்பு சேர்க்கப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம். செற் ஒரு மாசம் இருண்டு கிடந்தா என்ன?

தம்பியின்ர விசயத்துக்கெண்டுதான் நீ இப்பிடி ஓடுறாய் எண்டு அம்மா நினைக்கிறா. நான் ஒண்டும் நினைக்கேல்லை. பாங்கில அடைவு வைச்ச சங்கிலியை இந்த வருசம் மீட்கவேணும் எண்டு ஒருத்தரும் உன்னட்டைக் கேட்கேல்லை. தவணை முடியேக்க வட்டியைக் கட்டினா பாங்கில புதுப்பிச்சுத் தருவினம். வட்டிக்கு என்னட்டை இருக்கு. நீ போன மாசம் அனுப்பினது அப்பிடியே பாங்குப் புத்தகத்தில கிடக்கு, தொடேல்லை. அதில ரீவியைத் திருத்து.

வருசத்துக்கு வரேலாது எண்டு சொல்லிப்போட்டாய், ஓடிட் வேலை எண்டா விடமாட்டினம்தான். 14ஆம் திகதி காலமையாவது அலாரம் வைக்காமல் படு.

பெட்டியில மேல இருக்கிற மிளகாய்த் தூள் இரண்டு கிலோ, ஒண்டு உனக்கு, மற்றது தெஹிவளை மாமிக்கு. அடியில நல்லெண்ணெய்ப் போத்தல், மூடி கொஞ்சம் இளக்கம், பெட்டியைச் சரிக்காத. பனங்கட்டியை ஃபிரிஜ்ஜில வைக்க வேண்டாம், போத்தலில போட்டு இறுக்கி மூடு. பஸ் வெள்ளவத்தைக்கு விடிய நாலரை ஐஞ்சுக்கு வரும், அது உன்ர வகுப்பு நேரம். கொண்டக்ரரிட்டைச் சொல்லி விட்டிருக்கிறன், பக்கத்துக் கடையில குடுப்பார், எட்டு மணிக்கு முன்னம் எடு.

அப்பா