கீழே விழும் எடையை நினைத்து வாங்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பாவின் ஆசிகள். திருவான்மியூர் வீட்டின் தரைத்தளத்தில் இருக்கும் முன்னறையைப் பளுதூக்கும் பயிற்சிக்கென ஒதுக்கப்போவதாக எழுதி, வாங்க நினைக்கும் பொருள்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். குழந்தை பிறந்த பிறகு விட்டுப்போன பயிற்சியை நீ மறுபடி தொடங்குவதும், மாப்பிள்ளையும் உன்னோடு சேர்ந்துகொள்வதும் எனக்கும் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சியைத் தருகின்றன.

பட்டியலை நிதானமாகப் படித்தேன். எடையை மேலே தூக்க எது உதவும் என்ற எண்ணத்திலேயே அதில் உள்ள ஒவ்வொன்றையும் நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். அந்த எடை கை தவறிக் கீழே வரும்போது என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே அதே பட்டியலைத் திரும்ப எழுதிப் பார்; பாதிப் பொருள்கள் தேவையில்லாமல் போகும், நீ எழுதாமல் விட்ட சில பொருள்கள் முதலிடத்துக்கு வரும். நம் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலின் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149 கிலோவும், முதலில் தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கினார். அந்த எடைகள் அவர் தலைக்கு மேலே நின்றது சில நொடிகள்தான். அதன் பிறகு அவை மேடையில் விழத்தான் செய்தன. வென்ற தூக்கலும் தவறிய தூக்கலும் தரையில்தான் முடிகின்றன. ஜிம்மில் அதற்கேற்ற மேடையும், ஓடி வந்து பிடிக்க நான்கு பேரும் இருப்பார்கள். உன் வீட்டில் விடியற்காலையில் நீ தனியாக இருப்பாய். பக்கத்து அறையில் பேத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் அறையை அள. பெண்களுக்கான பாரின், அதாவது பிளேட்டு எனும் எடைத்தட்டுகளை மாட்டித் தூக்கும் கம்பியின், நீளம் 2.01 மீட்டர். பத்தடி அகலமுள்ள அறையில் அதை நடுவில் வைத்தால் இரு பக்கமும் அரை மீட்டர்தான் மிஞ்சும். பிளேட்டை மாட்டவும் கழற்றவும் அந்த இடம் வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு முறையும் சுவரில் முழங்கை இடிக்கும். முன்னும் பின்னும் இன்னும் தாராளமாக இடம் விடவேண்டும், ஏனென்றால் தவறிய ஸ்னாட்ச் பெரும்பாலும் முன்னால் விழும், சில நேரம் முதுகுக்குப் பின்னால் விழும். நீ நிற்கும் இடத்துக்குப் பின்னால் கண்ணாடி, ஜன்னல், குளிர்சாதனப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. உயரத்தையும் பார்க்கவேண்டும். மாப்பிள்ளையின் உயரத்துக்கு, கையை நீட்டிப் பிடித்த பாரின் மேல் பிளேட்டின் அரைவட்டத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி ஆகிவிடும். பத்தடிக் கூரையில் தொங்கும் மின்விசிறியின் இறக்கை அதற்குச் சற்று மேலேதான் சுற்றுகிறது, ஜெர்க் செய்யும்போது ஓரடி முன்னே நகர்வதும் இயல்பு. தயங்காமல் அந்த மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் மாட்டும் விசிறியைப் போடுங்கள்.

அடுத்தது தரை. உன் பட்டியலில் அது கடைசியில், ஒரு வரியில், ஒன்றோடொன்று கோர்த்து விரிக்கும் பஞ்சுபோன்ற பாய் என்று இருக்கிறது. அதை வாங்காதே. காலடியில் அமிழும் எதன் மேலும் நின்று பளு தூக்கக் கூடாது. குதிகால் ஒரு பக்கம் சரிந்தால் முழங்காலும் இடுப்பும் அதன் பின்னாலேயே சரியும். அறையில் போட்டிருப்பது விட்ரிஃபைட் டைல்ஸ் என்று சொன்னாய். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார். கீழே சிமெண்ட் நிரம்பாத இடத்தில் வெற்றொலி கேட்கும், முதலில் உடைவது அந்த டைல்ஸ்தான். வீட்டுக்காரரின் தரையில் ஆணி அடிக்காமலே நல்ல மேடை அமைக்க முடியும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நான்கு அடிப் பலகையாகக் கிடைக்கிறது. கீழ் அடுக்கில் இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றின் மேல் இரண்டைக் குறுக்காகப் போட்டு, மேலிருந்து திருகாணியால் இரண்டு அடுக்கையும் ஒன்றாகப் பிணைக்கவேண்டும். மூன்றாம் அடுக்கில் நீ நிற்கும் நடுப்பகுதிக்கு மட்டும் ஒரு பலகை. பிளேட்டு விழும் இரு பக்கமும் அதே தடிப்பில் ரப்பர். உடற்பயிற்சிக் கடையில் விற்கும் ரப்பரைவிட மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் பாய் விலை மலிவு, உழைப்பும் அதிகம். வாடை போகும்வரை மொட்டைமாடியில் கழுவிக் காயவை. கடல் பக்கம் என்பதால் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஈரத்தைத் தாங்குவதற்கான தரம் அது. நீங்கள் தரைத்தளத்தில் இருப்பது நல்லதாயிற்று. குடியிருப்பு மாடிகளைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரம் தாங்கும் கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அசையாமல் இருக்கும் பளுவை அது தாங்கும். உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழும் பளுவுக்காக எழுப்பிய தளம் அது அன்று.

இப்போது பாருக்கு வருகிறேன். பணத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்கு. பிளேட்டு பழையதாக இருக்கலாம், பாரைத் தாங்கி நிற்கும் ரேக் எளியதாக இருக்கலாம். பார் மட்டும் நல்லதாக இருக்கவேண்டும். பட்டியலில் நீ குறித்திருப்பது ஒல்லியான, துளை சிறிய பிளேட்டுகளோடு சேர்த்து விற்கும் ஐந்தடிக் கம்பி. அதன் முனைகள் சுழலாது. கிளீன் செய்யும்போது பாரைத் தொடையிலிருந்து இழுத்துத் தோளில் ஏற்றும் அந்தக் கணத்தில் உன் மணிக்கட்டு முழுதாகத் திரும்புகிறது; பிளேட்டுகள் மாட்டியுள்ள முனைகள் தனியே சுழலாவிட்டால், பிளேட்டுகளின் சுழற்சி முழுவதும் மணிக்கட்டின் மேலும் முழங்கையின் மேலும் இறங்கும். ஒலிம்பிக் பாரின் முனைகள் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் தனியே சுழலும்படி இருப்பது இதற்காகத்தான். முனை சுழல உள்ளே வெண்கலப் புஷ் எனும் வளையம் இருந்தால் வீட்டுக்குப் போதும். ஊசித் தாங்கிகள் இருப்பவை அருமையாகச் சுழலும் என்றாலும் விலையும் பராமரிப்பும் கூடுதல்.

போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர். பெண்களுக்கானது 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். இருவருக்கும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 15 கிலோ பாரையே வாங்கு. கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடிக்கும் ஹூக் பிடியைத்தான் நீ பழகியிருக்கிறாய். உன் கைக்கு 28 மில்லிமீட்டரில் அந்தப் பிடி முழுமையாக நிற்காது, பிடி நழுவினால் எடை எங்கே விழும் என்று உன்னால் சொல்ல முடியாது. தோளில் பாரோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும், தரையிலிருந்து பாரை இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்ட்டும் மாப்பிள்ளை செய்வதற்கு அந்தப் பார் எந்த வகையிலும் குறையாகாது, முனையின் விட்டம் இரண்டிலும் ஒன்றே என்பதால் பிளேட்டுகளும் பொருந்தும். கடற்காற்றில் வெறும் எஃகும், கறுப்புப் பூச்சு மட்டும் உள்ள எஃகும் விரைவில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் சிறப்பு, இல்லாவிட்டால் ஹார்டு குரோம். எதுவானாலும் பயிற்சி முடிந்ததும் பிடிப்பகுதியின் வரிகளில் ஒட்டிய, வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் தூளை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடு. சாக் தூள் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். சாக் என்றால் மெக்னீசியம் கார்பனேட். முகத்துக்குப் பூசும் பவுடரைக் கைக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பிடியை வழுக்கச் செய்யும், அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பழைய பார் யாராவது தருவதாகச் சொன்னால், அதை ஸ்டாண்டில் வைத்து ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றி, நடுப்பகுதி மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார். ஆடினால் அது வளைந்த பார். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிளேட்டில் உன் தேர்வு வார்ப்பிரும்பு. அதைக் கீழே போட முடியாது. போட்டால் பிளேட்டும் தரையும் சேதமாகும், போடக் கூடாது என்ற அச்சத்தில் தவறிய எடையையும் நீ பிடித்து இறக்கப் பார்ப்பாய், முதுகு அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். ரப்பரில் செய்த பம்பர் பிளேட்டையே வாங்கு. அதில் இன்னொரு வசதியும் உண்டு. போட்டித்தரப் பம்பர் பிளேட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர், 10 கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் அதே அளவு. ஆகவே குறைந்த எடையிலும் பார் தரையிலிருந்து சரியான உயரத்தில் இருக்கும். சிறிய இரும்புப் பிளேட்டை மாட்டினால் குனிந்து, முதுகு வளைந்து இழுக்கவேண்டிவரும். 15, 10, 5 கிலோவில் ஒவ்வொரு ஜோடி பம்பர், 2.5, 1.25 கிலோவில் ஒவ்வொரு ஜோடி இரும்பு: பாரோடு சேர்த்து 82.5 கிலோ ஆகிறது. ஓராண்டுக்கு உனக்கு இது தாராளம். மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் 20 கிலோ ஜோடியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 5 கிலோ பம்பர் மெல்லியது. பக்கத்துக்கு அது ஒன்றை மட்டும் மாட்டித் தலைக்கு மேலிருந்து போட்டால் சீக்கிரம் வளைந்துவிடும் என்பதால், அந்த எடையில் பயிற்சி செய்யும் நாட்களில் கையோடு இறக்கிவை. வாங்கும்போது நடுவிலுள்ள எஃகு வளையம் ரப்பரோடு இறுகப் பிடித்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார். மலிவான பிளேட்டில் முதலில் கழன்றுவருவது அந்த வளையம்தான். பழைய டயர் ரப்பர்த் துருவலில் செய்தவை தடிமனாக இருக்கும், பெண்கள் பாரின் முனையில் பிளேட்டு ஏறும் நீளமோ சுமார் 32 சென்டிமீட்டர்தான். பிளேட்டுகளின் தடிப்பைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கிளிப்புக்கும் இடம் விட்டு வாங்கு. ஒவ்வொரு பிளேட்டையும் எடைத்தராசில் வைத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்படாதே. சர்வதேசப் போட்டிக்கான 20 கிலோ பிளேட்டில் 20 கிராம் கூடலாம், 10 கிராம்தான் குறையலாம். வீட்டுக்கு அந்த நுட்பம் வேண்டாம் என்றாலும், ஜோடியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் உடல் ஒரு பக்கமாகச் சாயப் பழகிவிடும்.

ரேக் பற்றி நான் அதிகம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் வாழ்நாள் முழுவதும் வெல்டிங் வேலை பார்த்தவன் என்ற முறையில், விளம்பரப் படங்களைவிட வெல்டிங் ஓரங்களைத்தான் நான் நம்புவேன். தனித்தனியாக நிற்கும் இரண்டு ஸ்டாண்டுகளை நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஸ்குவாட்டில் கீழே உட்கார்ந்து எழ முடியாமல் போனால் அவை உனக்கு எந்த உதவியும் செய்யாது. நான்கு கால் உள்ள ரேக், அல்லது நீண்ட பாதுகாப்புக் கைகள் பொருத்திய அரை ரேக் வாங்கு. நீ முழுதாக உட்காரும் நிலையில் பார் இருக்கும் உயரத்துக்கு ஓர் அங்குலம் கீழே அந்தக் கைகளைப் பொருத்திவிட்டால், எழ முடியாத நேரத்தில் பாரை அவற்றின் மேல் வைத்துவிட்டு அமைதியாக வெளியே வந்துவிடலாம். பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸையும் அந்தக் கைகளுக்கு இடையில் மட்டுமே செய்யவேண்டும், வேறெங்கும் கூடாது. கழுத்தின் மேல் இறங்கிய பாரைத் தனியாளாகத் தள்ள முடியாமல் உலகெங்கும் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளையிடம் நீ கண்டிப்பாகவே இரு.

குழாயின் சுவர் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சேரும் இடங்களில் வெல்டிங் சுற்றிலும் தொடர்ந்து ஓடியிருக்கவேண்டும். அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் பற்றவைத்திருந்தால் அதன் அடியில் தலையை வைக்காதே. ஓரத்தில் குழாயை அரித்ததுபோன்ற பள்ளமோ ஊசித்துளைகளோ தெரிந்தாலும் வேண்டாம். வாடகை வீட்டுத் தரையில் துளை போட முடியாது என்பதால், அடிப்பாகம் நீண்டதாகவும், பின்காலில் பிளேட்டுகளை மாட்டிவைக்க முளைகள் உள்ளதாகவும் பார்த்து வாங்கு. அந்தப் பிளேட்டுகளின் கனமே ரேக்கைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கடையில் மனம் திருப்தியாகவில்லை என்றால் எனக்குச் சொல். என்னோடு வேலை செய்த நண்பரின் பட்டறையில் உன் அறை அளவுக்கே செய்து, நானே ஒவ்வொரு வெல்டிங்கையும் பார்த்து அனுப்புகிறேன்.

மற்றவை சிறியவை. பிளேட்டு நகராமல் பிடிக்கும் கிளிப் ஒரு ஜோடி அவசியம். ஓட்டத்துக்கான ஷூவில் பளு தூக்காதே. குதிகால் முக்கால் அங்குலம் உயர்ந்த, அமிழாத அடிப்பாகம் கொண்ட பளுதூக்கும் ஷூவை இருவரும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள பல்வேலை மெஷின், கேபிள் கோபுரம், கெட்டில்பெல் தொகுதி ஆகியவற்றை இப்போதைக்கு அடித்துவிடு. மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ லாரி பார்சலில் வரவழைப்பதானால், கையெழுத்திடும் முன் பெட்டியைப் பிரித்துப் பார்.

பேத்தியை நினைத்து ஒரு சொல். பிளேட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் எல்லா ஜிம்மிலும் உண்டு. உன் வீட்டில் அது ஒருநாளும் கூடாது. சாய்த்து வைத்த பத்துக் கிலோ பிளேட்டை மூன்று வயதுக் குழந்தை இழுத்தால் உருண்டு காலில் விழும். ரேக்கின் முளையில் மாட்டிவை, அல்லது படுக்கையாக அடுக்கு. பாரை ரேக்கில் விட்டுவிட்டு வரும்போது பிளேட்டு மாட்டியிருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிளேட்டு மிஞ்சியிருந்தால் பார் கவிழ்ந்துவிடும். அறைக் கதவுக்கு வெளிப்பக்கத்தில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடு.

அறையின் நீள அகலம், கூரை உயரம், கதவு திறக்கும் பக்கம், ஜன்னல் இருக்கும் சுவர் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. தட்டிப் பார்த்ததில் வெற்றொலி வந்த டைல்ஸ்களையும் அதில் குறித்துவிடு. அதைப் பார்த்துப் பலகை வெட்டும் அளவுகளை எழுதி அனுப்புகிறேன். மேடை போடும் நாளைச் சொன்னால், அம்மாவையும் அழைத்துக்கொண்டு முந்தைய நாளே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா